மெத்தைத் தளம்: அமைத்தலும் காத்தலும்

ஒருவர் புதிதாக வீடு கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டால், "கூரையா, ஓடா, மெத்தையா?" என்று வினவுவது நம் குறிஞ்சிப்பாடிப் பகுதியில் முன்னாளைய வழக்கம். மெத்தை வீடு என்பது செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் அது. 1956ஆம் ஆண்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, அதனையொட்டி நகரியமும் எழுந்தபின், தட்டைத் தளம் போட்ட குடியிருப்புகளையும் அலுவலகங்களையும் நம் மக்கள் நாள்தோறும் காணலாயினர். அங்கே கட்டட வேலைக்குச் சென்று திரும்பிய கொத்தனார்களும் சித்தாட்களும் அத்தொழிலை ஊர்களுக்குக் கொண்டுவந்தனர். பின்னர் 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல், கூரைகளையும் தகடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்நாளில், காற்றுக்கு நின்றது கான்க்ரீட் தளமே என்பதை யாவரும் நேரிற் கண்டனர். அதன்பின், கையிற் சிறிது பணமுள்ள நெசவாளரும் குடியானவரும் தளம் போடுவதையே நாடினர். அரசின் வீட்டுத் திட்டங்களும் அவ்வழியே சென்றன. 2024இல் தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லத் திட்டத்திலும் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்க்ரீட் தளமே விதிக்கப்பட்டது.

ஆயினும், காற்றை வென்ற தளம் நீரையும் வென்றுவிடும் என்று நினைத்தல் கூடாது. 2015 நவம்பர் 9ஆம் நாளையொட்டி நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேற்பட்ட மழை பொழிந்தது. வெள்ளம் வந்த தெருக்களைப் பற்றி அக்காலத்தில் நிறையப் பேசப்பட்டது. மேலிருந்து ஒழுகிய தளங்களைப் பற்றி அவ்வளவு பேசப்படவில்லை. தறி வைத்திருக்கும் வீட்டிலே தளம் ஒழுகுவது என்றால் என்ன என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கஞ்சி போட்டு ஏற்றிய பாவின் மேல் ஓரிரவு சொட்டு விழுந்தால் கஞ்சி இளகி இழைகள் ஒட்டிக்கொள்ளும், சாயம் ஓடும், விழுதும் அச்சும் பூசணம் பூக்கும், தறிக்குழியில் நீர் தேங்கினால் அதை இறைத்து உலர்த்தும்வரை மிதியிற் கால் வைக்க முடியாது. குடியானவர் வீட்டிலோ, அடுத்த பட்டத்துக்கென்று கட்டிவைத்த விதை மணிலாவும் உளுந்தும் ஈரம் பட்டு முளைப்புத் திறனை இழக்கும். ஆகையால் தளத்தின் ஒழுக்கு என்பது சுவரிற் கறைபடுகிற அழகுக் குறை மட்டுமன்று. கூலியையும் விளைச்சலையும் தொடுகிற காரியம்.

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. கம்பி கட்டிக் கான்க்ரீட் ஊற்றியதும் தளம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ஊற்றியது பாரந்தாங்கும் பலகை, அவ்வளவே. நீரைத் தடுப்பதும் வெயிலைத் தடுப்பதும் அதன் மேல் இடவேண்டிய வேறொரு படலத்தின் வேலை. நம் ஊரில் பணம் தீர்ந்துபோகும் இடம் பெரும்பாலும் அப்படலத்தைப் போடவேண்டிய கட்டந்தான்! 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்' என்று விட்ட தளங்கள் பத்து ஆண்டுகளாகியும் வெறுந்தளமாகவே வெயிலிற் கிடக்கக் காண்கிறோம்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கான்க்ரீட்டும் கம்பியும் வருவதற்கு முன்பே இந்நாட்டில் தட்டைத் தளம் உண்டு. 'மதராஸ் தளம்' என்று பிற மாகாணங்களிலும் பெயர் பெற்ற அம்முறைக்கு இந்தியத் தர நிறுவனம் 2119 என்னும் எண்ணில் தனி விதிநூலே வகுத்துள்ளது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் பாய்ச்சி, அவற்றின் மேல் சாதாரணச் செங்கல்லினும் மிக மெல்லிய, இதற்கென்றே அறுத்துச் சுட்ட சிறு கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, படுக்க வையாமல் விளிம்பில் நிறுத்தி, அறையின் ஒரு மூலையிலிருந்து கோணவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போவர். கீழே பலகையடைப்பு கிடையாது. கல்லைக் கல்லே பற்றிக்கொள்ளும். அது உலர்ந்தபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்றங்குலக் கனத்துக்குப் பரப்பி, பெண்கள் வரிசையாகக் குந்தி, கைக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை இடையிடையே தெளிப்பர். கட்டை பட்டால் தடம் விழாமல் எகிறும்வரை தட்டுவது கணக்கு. அதன் மேல் தட்டோடு பதித்து, சந்துகளை அடைத்து விடுவர். இவ்வாறு போட்ட தளங்கள் நூறாண்டு கடந்தும் பழைய வீடுகளிலும் கச்சேரிக் கட்டடங்களிலும் நிற்கின்றன. உத்தரம் உளுத்துத் தளம் இறங்கியதுண்டு. செம்மையாகத் தட்டிய சுண்ணாம்புப் படலம் தானாக நீர் விட்டது அருமை.

இன்று அம்முறையிற் புதுவீடு கட்டுவது எளிதன்று. தேக்கின் விலையும், கறையானும், அம்மெல்லிய கற்களை அறுப்போர் அருகியதும் தடை. ஆனால் மேற்படலம் மட்டும் மறையவில்லை. உத்தரமும் சிறுகல்லும் இருந்த இடத்திற் கம்பிக் கான்க்ரீட் வந்து அமர்ந்தது; அதன் மேல் பழைய ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் அப்படியே தொடர்ந்தன. தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறையின் மதிப்பீடுகளில் வழக்கமாகக் காணும் விகிதம், 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கூடாது. தனியார் வீடுகளிலே இப்போது இது விடுபட்டு, ஓரங்குலச் சிமிண்டுப் பூச்சோடு நின்றுவிடுவதே நாம் முறையிடும் குறை.

கான்க்ரீட் ஏன் நீரை விடுகிறது என்பதை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். சிமிண்டு இறுகுவதற்கு ஓரளவு நீரே தேவை. ஊற்றுவதற்கு இளக்கமாக இருக்கட்டும் என்று குடம் குடமாகச் சேர்க்கும் மிகுதி நீர், பின்னர் ஆவியாகிப் போய், தான் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகளின் வழியே மழைநீர் இறங்கிக் கம்பியைத் தொடும். இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைப் போலச் சில மடங்கு பருக்கும். பருத்த கம்பி தன்னைச் சூழ்ந்த கான்க்ரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். வீட்டினுள் மேற்பூச்சு பொத்தென்று விழுந்து கம்பி தெரிகிறதே, அதன் தொடக்கம் மேற்புறத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பு, கலவையிற் சேர்ந்த அந்த ஒரு குடம் நீரில் இருந்திருக்கக் கூடும்.

ஆகையால் தளம் ஊற்றும் நாளன்று வீட்டுக்காரர் மேற்பார்க்க வேண்டியது சாப்பாட்டை அன்று, தண்ணீரை. 1 பங்கு சிமிண்டு, 1½ பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்னும் கலவைக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 27 லிட்டருக்கு மேல் நீர் போகலாகாது. அளந்த வாளியொன்றைக் கலவைக்காரரிடம் கொடுத்துவிடுவதே தக்க வழி. கம்பிகள் பலகையோடு ஒட்டிக் கிடக்காமல், அடியில் 20 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு சிமிண்டு வில்லைகளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். கருங்கற் சில்லைச் செருகுவது நம் வழக்கம், அது நழுவிவிடும். ஊற்றிய மறுநாளே சிறு பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். சாதாரணச் சிமிண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளிற் பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமிண்டுக்கும் கடும் வெயிற் காலத்துக்கும் 10 நாள் என்பது விதி. 14 நாள் நிறுத்தினால் நட்டமில்லை. நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டுக்களை அசைத்தல் கூடாது. வாடகைக்கு எடுத்த முட்டைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் இவ்விதி மீறப்படுகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இதற்கு முன்னதாகவே தீர்மானிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீடு முழுவதற்கும் தட்டைத் தளந்தான் வேண்டுமா? மழை அருகிய இராசபுதனம், எகிப்து முதலிய நாடுகளிலே தட்டைத் தளம் இயல்பாக எழுந்தது. மழை மிக்க மலையாளத்திலே சரிந்த ஓட்டுக் கூரை எழுந்தது. நம் கடற்கரைப் பகுதியோ பத்து மாதம் முன்னதைப் போலவும், ஐப்பசி கார்த்திகையிற் பின்னதைப் போலவும் நடந்துகொள்கிறது. ஆகையால் இங்கே இரண்டுக்கும் இடம் உண்டு. குடியானவருக்குத் தட்டைத் தளத்தினால் ஆகும் பயன் பெரிது. நெல்லும் மணிலாவும் முந்திரிக்கொட்டையும் காயவைக்க அதைவிடச் சுத்தமான களம் கிடையாது. தறிக்கு அவ்வாறன்று. பருத்தி இழை ஈரப்பசையுள்ள காற்றிலே வலுவோடு இருக்கும்; வறண்ட காற்றிலே முறுகி அறும். குழித்தறியை மண்ணிலே இறக்கி வைத்ததற்கு ஒரு காரணம் அந்தக் குளிர்ச்சியே. வெறுங் கான்க்ரீட்டின் கீழ்ச் சித்திரை மாதத்தில் தறி ஓட்டுபவர் இழை முடிவதிலேயே அரை நாளைக் கழிக்கிறார். எனவே, வீட்டுப் பகுதிக்குத் தளமும், தறிக்கொட்டகைக்குக் காற்றில் எழும்பாதபடி கம்பியாற் பிணித்த ஓடும் என்று பிரித்துக்கொள்வதே நம் அபிப்பிராயம். இடமும் பணமும் அவ்வாறு பிரிக்க விடாவிட்டால், தறி உள்ள அறைக்குச் சுண்ணாம்புப் படலத்தைக் கட்டாயம் போட்டு, உயரத்தைப் பத்தரை அடிக்குக் குறைக்காமல், சுவரின் உச்சியிற் காற்றுப்போக்கிகள் வைக்க வேண்டும். கல்நார்த் தகட்டை நாம் பரிந்துரைக்கவில்லை; வெப்பம் ஒரு குறை, அதன் தூசியால் நுரையீரலுக்கு வரும் கேடு பெருங்குறை.

இனி மேற்படலத்துக்கு வருவோம். முதலில் வாட்டம். தட்டைத் தளம் என்று பெயரே ஒழிய, அது தட்டையாக இருத்தல் கூடாது. 5 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். 15 அடி ஓட்டத்துக்கு 3 அங்குலம். இதைக் கண்ணளவில் விடாமல், நீர்க்குழாய் மட்டம் பிடித்து, நான்கு மூலைகளிலும் நடுவிலும் செங்கல் வைத்து அடையாளம் செய்த பின்பே ஜல்லி கொட்ட வேண்டும். நீர்ப்போக்கியின் வாயருகே மிக மெல்லியதாகவும் எதிர்மூலையில் தடிப்பாகவும் வரும் அப்படலம், சராசரி மூன்றங்குலம் இருக்கும்.

ஜல்லி நன்கு வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருத்தல் அவசியம். சாம்பற்கல்லை உடைத்துப் போடலாமா என்று கேட்கின்றனர். சுவருக்கு அது நல்லதே. ஆனால் சுண்ணாம்போடு வினைபுரிந்து பற்றிக்கொள்ளும் தன்மை சுட்ட களிமண்ணுக்கு உண்டு, ஆகையால் படலத்துக்குச் செங்கல்லே ஏற்றது. ஜல்லியைக் கலப்பதற்கு முன் நீரில் நன்றாக நனைக்காவிட்டால், அது சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். படலம் பொடியாய்ப் போகும். சுண்ணாம்பு கல்லாயினும் கிளிஞ்சலாயினும், சுட்டதை வாங்கி நம் முன்னிலையில் நீற்றி, சலித்து, சில நாள் நீரில் ஊறவிட்டே எடுக்க வேண்டும். மூட்டையிற் பொடியாக விற்பது எத்தனை நாளைக்கு முன் நீற்றியது என்று யாருக்குத் தெரியும்?

பரப்பியபின் தட்டுதல். இதற்குத்தான் இப்போது ஆளில்லை என்கின்றனர். திமிசுக் கட்டை கொண்டு இடித்துவிடலாம் என்று சிலர் முனைகின்றனர். அது கீழுள்ள கான்க்ரீட்டையே அதிரச் செய்யும். கைக்கட்டையால், இலேசாக, இடைவிடாமல், ஒரு பகுதிக்குக் குறைந்தது மூன்று நாளாவது தட்டினால்தான் ஜல்லிக்கு நடுவே உள்ள காற்று வெளியேறிச் சுண்ணாம்புப்பால் மேலே பொங்கி வரும். அந்தப் பாலைக் கண்ட பிறகே நிறுத்தலாம். பிறகு பத்து நாள் ஈரச்சாக்கு. இதற்கு உகந்த காலம் தை, மாசி. ஐப்பசியிற் செய்தால் மழை கரைத்துவிடும். சித்திரையில் வெயில் வெடிக்கச் செய்துவிடும்.

தட்டோடு பதிப்பது கடைசி வேலை. 20 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமும் உள்ள அழுத்தி வார்த்த ஓடுகளை நனைத்து, நீர்த்தடுப்புப் பொடி கலந்த 1-க்கு 3 சிமிண்டுச் சாந்தில் பதித்து, சந்துகளை அதே சாந்தால் இறுக அடைக்க வேண்டும். ஓட்டுக்கு நீர் விடும் குணம் குறைவு, விடுவது சந்தே. ஆகையால் கூலியை ஓட்டின் கணக்கிற் பேசாமல், சந்தடைக்கும் வேலையையும் சேர்த்துப் பேசிக்கொள்வது நலம். கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலையைச் செங்கோணமாக விடாமல், ஓரடி உயரம்வரை சுவரிலேயே ஏறுமாறு வளைத்துப் பூச வேண்டும். ஒழுக்கின் பெரும்பகுதி தளத்தின் நடுவே பிறப்பதில்லை. இம்மூலையிலும், குழாய் புகும் துளையிலுமே பிறக்கிறது.

சதுர மீட்டர் ஒன்றில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர். 100 சதுர மீட்டர் தளத்திலே 40 செ.மீ. பெய்தால் 40,000 லிட்டர்! இவ்வளவும் கீழே இறங்கியாக வேண்டும். மணிக்கு 10 செ.மீ. என்னும் கனமழைக்கு நாலங்குலக் குழாய் ஒன்று ஏறத்தாழ 40 சதுர மீட்டர் தளத்தையே வடிக்க வல்லது என்பது பொறியாளர் கணக்கு. 300 சதுர அடி வீட்டுக்குக் கணக்குப்படி ஒன்று போதும். எனினும் இரண்டாக வைப்பதே அறிவுடைமை, ஏனெனில் வேப்பஞ்சருகு ஒரு பிடி போதும் ஒன்றை அடைக்க. கைப்பிடிச் சுவரிலே தளத்திலிருந்து மூன்றங்குல உயரத்தில் உபரி நீருக்கென்று ஒரு துளையும் விட்டுவிட வேண்டும். அது இல்லாமற் போய்க் குழாயும் அடைத்துக்கொண்டால், தளம் தொட்டியாகிவிடும். 10 செ.மீ. நீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. மக்கள் நடமாடும் தளத்துக்கு விதிநூல் வைத்துள்ள பாரக் கணக்கே 150 கிலோதான். 

இப்பாரக் கணக்கை நெல் காயவைப்போரும் நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டங்குலக் கனம் நெல்லைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 30 கிலோவே, அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் மாலையில் மழை இருட்டிக்கொண்டு வருகிறதென்று 75 கிலோ மூட்டை நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அறையின் நடுவே அடுக்கினால், அரைச் சதுர மீட்டரில் 300 கிலோ ஏறிவிடும். அடுக்கித்தான் ஆகவேண்டுமென்றால், அடியிற் சுவர் உள்ள ஓரமாகப் பரப்பி வைக்கலாம். 1,000 லிட்டர் நீர்த்தொட்டி ஒரு டன் எடை. அதையும் இரு சுவர்கள் கூடும் மூலையின் மேல் அமர்த்த வேண்டும். இரும்பு வாரியால் நெல்லைக் கிளறுவதும், தளத்தின் மேலேயே முந்திரிக்கொட்டை உடைப்பதும், கதிரடிப்பதும் ஓட்டின் சந்தைத் தின்றுவிடும். மரப்பலகை போதும்.

வெயிலைப் பற்றிச் சில சொற்கள். நம் ஊர் ஏறத்தாழ 11½ பாகை வடக்கே உள்ளது. ஆகையால் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு பிற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாட்களில் வீட்டுக்குள் வரும் வெப்பத்திற் பெரும்பங்கு சுவர் வழியே வருவதன்று; தளத்தின் வழியே வருவது. பகலெல்லாம் குடித்த வெப்பத்தைக் கான்க்ரீட் இரவிலே கீழே உமிழும். மூன்றங்குலச் சுண்ணாம்புப் படலம் இதற்கும் தடையாகிறது. அதன் மேல் ஆண்டுதோறும் மாசியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் ஒளியிற் பெரும்பகுதி திரும்பிப் போகும். இதையே இப்போது 'குளிர்கூரை' என்று பெயரிட்டுத் தெலங்கானா அரசு 2023இல் தனிக் கொள்கையாகவே வெளியிட்டது. நம் பாட்டனார் பொங்கலுக்குச் சுவருக்கு அடித்தது போக மீந்ததைத் தளத்துக்கு ஊற்றிய வழக்கத்துக்கு இப்படியொரு மதிப்பு வந்திருப்பது நல்லதே. வெள்ளைப் பளிங்கோடு பதிப்போரும் உளர்; வெப்பத்துக்கு நன்று, ஆனால் மழையில் வழுக்கும், முதியோர் ஏறும் வீட்டுக்கு ஏலாது. தளம் வெயிலில் நீண்டு இரவிற் சுருங்குவதால், அது சுவரின் மேல் அமரும் வரிசையிற் கிடைமட்டமாக வெடிப்பு விடுவதுண்டு. ஊற்றுமுன் சுவரின் தலையை வழவழப்பாகப் பூசித் தடித்த காகிதம் விரித்துவிட்டால், தளம் சுவரை இழுக்காமல் நகர்ந்துகொள்ளும்.

காத்தல் என்பது பெரும் செலவுள்ள காரியமன்று. ஆவணி, புரட்டாசியில் ஒரு நாள் மேலே ஏறி, சருகை வாரி, குழாய் வாய்களில் குச்சி விட்டுத் துழாவி, ஒவ்வொன்றிலும் ஒரு குடம் நீர் ஊற்றி அது தரையில் வந்து விழுகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. காக்கை எச்சத்தால் கைப்பிடிச் சுவரின் இடுக்கிலே முளைக்கும் அரச மரத்துக்கும் ஆலுக்கும் இரக்கம் காட்டலாகாது. விரற்கடைக் கன்றாக இருக்கும்போதே வேரோடு பறிக்க வேண்டும். கன்றைக் கிள்ளிவிட்டுப் போவது வேரைத் தடிக்கச் செய்யும். மழை ஓய்ந்த தையில் மறுபடியும் ஏறிப் பார்த்தால், பாசி படிந்த இடங்கள் நீர் தேங்கிய பள்ளங்களைத் தாமே காட்டிக் கொடுக்கும். அங்கங்கே ஓடு தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிப்பவற்றை எடுத்துப் புதிதாகப் பதித்து, சந்துகளைக் கீறி அடைக்கலாம். ஒழுக்கின் இடம் தெரியவில்லையென்றால், குழாய்களை அடைத்து, பகுதி பகுதியாகப் பாத்தி கட்டி, ஓரங்குல நீரை இரண்டு நாள் நிறுத்திக் கீழே ஈரம் எங்கே காண்கிறது என்று பார்ப்பது நம்பத்தக்க சோதனை. உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் பழுது என்று கொள்ள வேண்டா; நீர் ஓட்டுக்கடியில் பல அடி நடந்து வந்து இறங்கும்.

ஒழுகும் தளத்தின் மேல் மற்றொரு பூச்சு, அது ஒழுகினால் அதன் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போவது நம் பகுதியிற் பெருவழக்காகிவிட்டது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஓரங்குலச் சிமிண்டுப் பூச்சு சதுர மீட்டருக்கு 50 கிலோ கூட்டும். 100 சதுர மீட்டர் வீட்டில் 5 டன். இரண்டு பூச்சுப் போட்டால், மனிதர் நடமாட்டத்துக்கென்று விட்ட தாங்குதிறனில் மூன்றில் இரண்டு பங்கை அதுவே விழுங்கிவிடும். பழைய படலத்தைச் சிறிய உளியால் எடுத்துவிட்டே புதியது போட வேண்டும். தூரிகையாற் பூசும் நீர்த்தடுப்பு வண்ணங்கள் இப்போது பல வருகின்றன. அவை மயிர்வெடிப்புக்கு உதவும், எடையும் இல்லை. ஆனால் வெயிலில் வெறுமனே கிடந்தால் சில ஆண்டுகளில் உரிந்துபோகும், மீண்டும் பூச வேண்டும். நீர் தேங்கும் பள்ளத்தை அவை நிரப்பமாட்டா. வாட்டம் சரியில்லாத தளத்துக்கு வண்ணம் பூசுவது, கால் உடைந்த கட்டிலுக்குப் புதுவிரிப்பு விரிப்பது போன்றது. உட்புறத்திற் கம்பி தெரிந்துவிட்டாலோ, அதை மேலே பூசி மறைப்பது ஆபத்து. துருவேறிய பகுதி முழுவதும் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருநீக்கி, கம்பி இளைத்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, பின்பே அடைக்க வேண்டும். கம்பி பாதியாய்த் தேய்ந்திருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் யாரும் கை வைக்கலாகாது. தறியையும் தொட்டிலையும் அன்றே அதன் கீழிருந்து நகர்த்திவிட வேண்டும்.

பிற்காலத்தில் மாடி எழுப்பலாம் என்ற ஆசையினால் தூண்களின் தலையிற் கம்பிகளை நீட்டிவிடுவது ஊரெங்கும் காணும் காட்சி. மாடி வருமுன் அக்கம்பி துருவேறி, துரு வழியே நீர் தூணுக்குள் இறங்குகிறது. அவற்றைச் சுற்றிச் சிமிண்டுக் கூழ் பூசி, சிறு பெட்டிபோல் மெலிந்த கலவையால் மூடிவிட்டால், வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரியவீடு திட்டம் வந்தபின், தளங்களில் சூரிய ஒளித் தகடுகள் ஏறத் தொடங்கின. நிறுவ வருபவர் நேரே தளத்தில் துளையிட்டு முளை அடிக்க முற்படுவார். படலத்தைத் துளைத்த ஒவ்வொரு முளையும் ஓர் ஒழுக்கு. சுவரின் மேலோ, தளத்தின் மேல் வார்த்து வைத்த கான்க்ரீட் கட்டைகளிலோ பிணிக்குமாறு, ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். தளத்து நீர் அனைத்தையும் ஒரு பக்கமாகத் திரட்டி, வடிகட்டித் தொட்டியிலோ கிணற்றருகே குழியிலோ விடுவதற்கும் இவ்வாட்டமே துணை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுமுதல் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குழாயை நட்டுவிட்டுக் குழியை மண்மூட விட்டவர்கள் அதையும் புரட்டாசியிலேயே தூர்வாரிக்கொள்ளலாம்.

கடைசியாக, இது கூட்டுறவுக்கு ஏற்ற காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். தனியொருவர் 300 சதுர அடிக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனால், சூளைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுவார். ஒரே தெருவிற் பத்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரே தை மாதத்தில் வேலையை வைத்துக்கொண்டால், புதுச் சுண்ணாம்பு ஒரு வண்டி நேரே வந்து இறங்கும். தட்டோட்டுக்கு மொத்த விலை கிடைக்கும். தட்டத் தெரிந்த ஆட்கள் ஒரு குழு ஒரு மாதம் முழுவதும் தொடர்ந்து வேலை இருப்பதால் மனமுவந்து வருவர். கைக்கட்டைகளும், மட்டக்குழாயும், சல்லடையும் சங்கத்தின் பொதுவில் இருக்கலாம். நீற்றிய சுண்ணாம்பு ஊறுவதற்கு நாள் வேண்டுமாகையால், தையில் வேலை தொடங்க எண்ணுவோர் மார்கழி முதல் வாரத்துக்குள் தத்தம் தளத்தின் நீள அகலத்தை அளந்து, தெருவாரியாகப் பட்டியல் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.